ரெண்டரை வயசு பையனுக்கு ஓயாம சளி, எதிர்ப்பு சக்தி கம்மியா?

மழலைக்குரல்:
பையன ப்ளே ஸ்கூல் சேத்து ஆறு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள அஞ்சு தடவ சளி காய்ச்சல். பத்து நாள் நல்லா இருப்பான், மறுபடி மூக்கு ஒழுக ஆரம்பிச்சிடும். ராத்திரி மூக்கடைச்சு வாயத் தொறந்துட்டு தூங்குறத பாக்கவே முடியல. இவனுக்கு எதிர்ப்பு சக்தியே இல்ல, ஏதாச்சும் பவுடர் வாங்கி குடுன்னு ஆளாளுக்கு சொல்றாங்க. குடுக்கலாமா?

ஜன்னலோரம்:
பயப்படாதீங்க. இந்த வயசுல வருஷத்துக்கு 6, 8 தடவ சளி பிடிக்கிறது சாதாரணம், மத்த புள்ளைங்களோட பழகுற குழந்தைக்கு இன்னும் கூடவே வரும். சளிக்கு முக்கிய காரணமான ரைனோவைரஸ்லயே 160க்கு மேல வகை இருக்கு, ஒண்ண உடம்பு கத்துக்கிட்டு முடிக்கறதுக்குள்ள இன்னொண்ணு வந்து நிக்கும். மூக்கு ஒழுகுறது, காய்ச்சல் எல்லாமே உடம்பு திருப்பி அடிக்கிறதோட அடையாளம்தான். பவுடருக்கு காசு செலவு பண்ணாதீங்க, தூக்கம் கெடாம பாத்துக்கோங்க.

பழையபேனா:
உடம்பு எவ்ளோ நாள் ஞாபகம் வெச்சிருக்கும்னு ஒரு விஷயம் சொல்றேன். வட அட்லாண்டிக் கடல்ல இருக்குற ஃபேரோ தீவுகள்ல 1781ல தட்டம்மை வந்துச்சு, அப்புறம் 65 வருஷம் எட்டியே பாக்கல. 1846ல திரும்ப வந்தப்ப 7,800 பேர்ல சுமார் 6,000 பேர் படுத்துட்டாங்க, ஆனா சின்ன வயசுல ஏற்கனவே வந்து பொழச்ச கிழவன் கிழவிங்க ஒருத்தருக்கும் ரெண்டாவது தடவ வரல. நேர்ல போய் கேட்டு எழுதி வெச்சது பானும்ங்கிற டென்மார்க் டாக்டர்.
அதே தட்டம்மை மத்த நோய்ங்களோட ஞாபகத்த அழிச்சிடும்ங்கிறதுதான் கொடுமை. தடுப்பூசி போடாம தட்டம்மை வந்த குழந்தைங்கள 2019ல ஆராய்ஞ்சு பாத்ததுல, அதுவரைக்கும் சேத்து வெச்சிருந்த ஆன்டிபாடில, அதாவது கிருமிய எதிர்க்க உடம்பு உண்டாக்குற புரதத்துல, 11லருந்து 73 சதவீதம் வரைக்கும் காணாம போயிருந்துச்சு. அதனால பவுடர விடுங்க, ஊசி அட்டைய எடுத்து பாருங்க.

தாய்மனசு:
ஒண்ணு மட்டும் கவனிங்க. என் பொண்ணுக்கு ஒரே வருஷத்துல ரெண்டு தடவ நிமோனியா, எடையும் ஏறல, வெறும் சளின்னு நெனச்சு நானும் நாள கடத்திட்டேன், அப்புறம் ரத்தத்துல இம்யூனோகுளோபுலின் (அந்த ஆன்டிபாடிதான்) அளவு பாத்தப்பதான் நெசமாவே கம்மின்னு தெரிஞ்சுது. இப்ப சிகிச்சைல நல்லா இருக்கா. உங்க பையன் எடை ஏறுறானா, நடுவுல முழுசா தேறி ஓடியாடுறானா?

மழலைக்குரல்:
எடை நல்லாவே ஏறுது, சளி விட்டா வீட்டையே ரெண்டு பண்ணிடுவான். அட்டைய பாத்தேங்க, தட்டம்மை ரெண்டாவது டோஸ் கட்டம் காலியா இருக்கு, அவனுக்கு அப்ப காய்ச்சல்னு தள்ளிப்போட்டு மறந்தே போயிட்டேன். நாளைக்கு காலைல கூட்டிட்டு போறேன்.