எடை சரியாக இருந்தாலும் அனோரெக்சியா (குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைக்கும் மனநோய்) வருமா?

கேள்வி:
மகளுக்கு 17 வயது. ஆறு மாதமாக தோசையை டிஷ்யூ பேப்பரில் ஒற்றி, எண்ணெயை எடுத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். அதுவும் பாதி. நிறைய இளைத்துவிட்டாள். முன்பு குண்டாக இருந்ததால் "இப்பத்தான் அளவா இருக்கா" என்று சொந்தக்காரர்களுக்குச் சந்தோஷம். மாதவிலக்கும் தவறவில்லை. டாக்டர் சீட்டில் 'எடிபிகல் அனோரெக்சியா' (வழக்கமான வகையில் சேராத அனோரெக்சியா) என்று இருக்கிறது. குழப்பமாக இருக்கிறது.

பதில் 1:
அக்கா, நான் மனநல மருத்துவ மேற்படிப்பு மாணவன். மாதவிலக்கு நிற்க வேண்டும் என்பது பழைய விதி. 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 (மனநோய்களைக் கண்டறிய டாக்டர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு) அதை நீக்கிவிட்டது. ஆனால் அனோரெக்சியா என்று சொல்ல எடை குறைவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இன்னும் இருக்கிறது. மற்ற அறிகுறிகள் எல்லாம் இருந்து, நிறைய இளைத்தும் எடை அந்த அளவுக்குக் கீழே போகாவிட்டால் இந்தப் பெயர். லேசானது என்று நினைத்துவிடாதீர்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்களா?

பதில் 2:
என் தம்பியும் சரியாகச் சாப்பிட மாட்டான். ஆனால் குண்டாகிவிடுவோம் என்ற பயம் இல்லை, குழைந்த சோறு தொண்டையில் இறங்காது, அவ்வளவுதான். அது ஏ.ஆர்.எஃப்.ஐ.டி. (எடை பயம் இல்லாமலே உணவைத் தவிர்க்கும் கோளாறு) என்ற வேறு வகையாம்.

கேட்டவர்:
ஈ.சி.ஜி. அடுத்த வாரம். நாடி 48 என்று நர்ஸ் சொன்னார். ஓட்டப்பந்தயக்காரி மாதிரி என்று நான் சிரித்தேன்.

பதில் 1:
48-ஆ? இது ஓட்டப்பந்தயக்காரி நாடி இல்லை, சரியாகச் சாப்பிடாததால் இதயம் மெதுவாகியிருக்கலாம். அடுத்த வாரம் வரை வேண்டாம் அக்கா. இன்றைக்கே கூட்டிப் போங்கள்.