சங்ககிரிப் பாறையடியில் கடுகளவு நத்தைகள்: புதிய இனமா என்று எப்படி அறிவது?

கேள்வி – சேலம் ஆசிரியை

சங்ககிரி அருகே எங்கள் உறவினர் தோட்டத்து ஓரத்தில் சுண்ணாம்புக்கல் பாறை ஒன்று இருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பின் அதன் அடியில் ஒரு பிடி மண்ணை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பியபோது, கடுகைவிடச் சிறிய ஓடுகள் பத்துக்கு மேல் கிடைத்தன. அதே பொறுமையோடு ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் தேடியபோது இரண்டே அகப்பட்டன. ஏன் இந்த வேறுபாடு? இவை புதிய இனமாக இருக்கக்கூடுமா?

பதில் – ஓய்வுபெற்ற நிலவியலாளர்

ஏற்காடு சார்னோக்கைட் என்ற கருங்கல் வகைப் பாறை மலை. உச்சியில் அலுமினியத் தாதுவான பாக்சைட் படிந்திருக்கிறது. நெடுங்கால மழையில் கால்சியம் கரைந்துபோன புளிப்பு மண்ணில் வெற்று ஓடுகள் விரைவில் கரைந்துவிடும். சுண்ணாம்புக்கல் இருக்கும் இடத்தில் நத்தைக்கு ஓடு கட்டக் கால்சியமும் தாராளம். இறந்த பின் ஓடும் நிலைக்கும். சேலத்தை ஒட்டிய நம் சுண்ணாம்புக் கரட்டைப் பெயரை வைத்து நம்பிவிடாதீர்கள், அங்கிருப்பது சுண்ணாம்புக்கல் அல்ல, மெக்னீசியத் தாதுவான மாக்னசைட்.

பதில் – நத்தை ஆய்வு மாணவன்

வணக்கம் அம்மா. மண்ணை நிழலில் நன்றாகக் காயவைத்து, சல்லடையில் சலித்து, வாளித் தண்ணீரில் மெல்லக் கொட்டுங்கள். மண் அடியில் தங்கும். உள்ளே காற்றடைத்த வெற்று ஓடுகள் சருகுத் துணுக்குகளோடு மிதக்கும். அவற்றை மெல்லிய தூரிகையால் எடுத்து, வலஞ்சுழியா இடஞ்சுழியா, எத்தனை சுற்று, வாய்விளிம்பு தடித்திருக்கிறதா, உள்ளே பல் போன்ற புடைப்பு உண்டா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். உயிருள்ள நத்தை கிடைத்தால், ஓட்டின் வாயை அடைக்கும் மூடி இருக்கிறதா என்பதே முதலில் கவனிக்க வேண்டியது.

புதிய இனம் என்று சொல்ல, ஏற்கெனவே விவரிக்கப்பட்ட இனங்களின் மூல மாதிரிகளோடு (பெயர் சூட்டியபோது அடிப்படையாகக் கொண்ட ஓடுகளோடு) ஒப்பிட்டாக வேண்டும். சேர்வராயன், கொல்லிமலை நத்தைகளை ஆங்கிலேய நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே சேகரித்து விவரித்தார்கள். அந்தக் கால மாதிரிகளில் பல இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது நமக்குப் பெரிய இடைஞ்சல். போர்னியோவின் சுண்ணாம்பு மலைகளில் 2015இல் விவரிக்கப்பட்ட அக்மெல்லா நானா என்ற நத்தையின் ஓட்டு உயரம் ஏறத்தாழ 0.7 மி.மீ. மட்டுமே. இத்தகைய நத்தைகளுக்கு ஒவ்வொரு சுண்ணாம்பு மலையும் ஒரு தீவு. அடுத்த மலைக்கு ஊர்ந்து செல்ல இயலாததால் ஒரே மலையில் மட்டும் வாழும் இனங்கள் தோன்றுகின்றன. மலேசியாவின் புக்கிட் பாஞ்சிங் குன்றைக் கல்லுக்காக வெட்டி எடுத்துத் தீர்த்தபோது, அங்கு மட்டுமே வாழ்ந்த ஒரு நத்தையினமும் அழிந்தது. அந்த ஓட்டின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆகவே, எடுத்த இடம், நாள், பாறையின் தன்மை ஆகியவற்றை எழுதிய சீட்டு ஒவ்வொரு குப்பியிலும் இருக்கட்டும். சீட்டில்லாத ஓடு ஆய்வுக்குப் பயன்படாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிச் சேகரிக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி தம்பி. நேற்று மாலை நீங்கள் சொன்னபடியே மிதக்கவிட்டேன். முப்பத்தொரு ஓடுகள் மேலே வந்தன. இரண்டு வடிவங்கள் தெரிகின்றன. ஒன்று கூம்பு போல உயரமானது; மற்றது தட்டையானது, அடியில் ஆழமான தொப்புள் குழி உள்ளது. ஏற்காட்டில் எடுத்த இரண்டுக்கும் சீட்டு எழுதாமல் விட்டுவிட்டேன். கார்த்திகை மழை நிற்பதற்குள் அதே தோட்டத்துக்குப் போய், உயிருள்ளவற்றைச் சருகுக்கடியில் தேடப்போகிறேன்.