மாஸ் வேற வெயிட் வேறன்னா டாக்டர் 48 கிலோன்னு எழுதுறது தப்பா?

மலர்_தென்காசி:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப பிளஸ் ஒன் இங்கிலீஷ் மீடியம். பிசிக்ஸ்ல மாஸ் வேற வெயிட் வேறன்னு மிஸ் சொன்னாங்களாம். ஆனா டாக்டர் கிட்ட போனா வெயிட் பாக்கணும்னு மெஷின்ல ஏறச் சொல்லி 48 கிலோன்னு எழுதுறாங்க, பிஸ்கட் பாக்கெட்லயும் நெட் வெயிட் 100 கிராம்னு தான் இருக்கு, இவ புக்ல பாத்தா வெயிட்டுக்கு யூனிட் நியூட்டன். அப்ப எல்லாரும் தப்பா எழுதுறாங்களாம்மான்னு கேட்குறா, எனக்கு பதில் தெரியல. ஸ்பீடு வெலாசிட்டி, ஹீட் டெம்பரேச்சர்னு இன்னும் ஜோடி ஜோடியா வருது. மனப்பாடம் பண்ணா மார்க் வந்துடும், ஆனா அவ புரிஞ்சு படிக்கணும்னு ஆசை. யாராவது சொல்லுங்களேன்.

பிசிக்ஸ்_வாத்தியார்:
பொண்ணு ரொம்ப சரியான கேள்வி கேட்டிருக்கா அக்கா. டாக்டர் எழுதுறது தப்பு இல்ல. அவருக்கு வேண்டியது உடம்புல எவ்வளவு பொருள் இருக்குங்கிறது, மருந்து டோஸ் அத வச்சுத்தான். அது மாஸ், அதுக்கு கிலோ தான் யூனிட். பேச்சுல அத வெயிட்னு சொல்றோம், அவ்வளவு தான். பிசிக்ஸ்ல வெயிட்னா அந்தப் பொருள பூமி எவ்வளவு விசையோட இழுக்குதுங்கிறது. 48 கிலோவ 9.8 ஆல பெருக்குங்க, 470 நியூட்டன் வரும்.

நிலாவுக்கு போனா மாஸ் அதே 48 கிலோ தான், வெயிட் மட்டும் 78 நியூட்டனா குறைஞ்சுடும். ஸ்பிரிங் வச்ச மெஷின்ல அங்க ஏறி நின்னா முள்ளு 8 கிலோ கிட்ட தான் நிக்கும், ஏன்னா ஸ்பிரிங்குக்கு இழுவிசை மட்டும் தான் தெரியும். ஆனா ரெண்டு தட்டு தராசுல ஒரு பக்கம் எடைக்கல்லு வச்சு பாத்தா அங்கயும் 48 தான், நிலா ரெண்டு தட்டையும் ஒரே மாதிரி தானே இழுக்குது.

இன்னொன்னும் சொல்லுங்க, விண்வெளி நிலையத்துல ஆளுங்க மிதக்குறத பாத்து அங்க ஈர்ப்பே இல்லன்னு பசங்க நினைச்சுக்குறாங்க. 400 கிலோமீட்டர் உயரத்துல பூமியோட ஈர்ப்பு இன்னும் 90 சதவீதம் பக்கம் இருக்கு. நிலையமும் ஆளும் சேர்ந்து விழுந்துக்கிட்டே இருக்கிறதால மிதக்குறாங்க. அங்க மெஷின்ல ஏறி நின்னு பாக்க முடியாது, அதனால ஸ்கைலேப்ங்கிற அமெரிக்க விண்வெளி நிலையம் இருந்த காலத்துல, 1973லயே, ஸ்பிரிங் மாட்டின நாற்காலியில உக்கார வச்சு ஒரு தடவ முன்னும் பின்னும் ஆட எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளந்து (மாஸ் கூடினா ஆட்டம் மெதுவாகும்) மாஸ் கண்டுபிடிச்சாங்க. வெயிட்டே தெரியாத இடத்துலயும் மாஸ் இருக்குங்கிறதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல.

தராசு_சர்வீஸ்:
வாத்தியார் சொன்னதுக்கு நிலா வரைக்கும் போக வேண்டாம், எங்க தொழில்லயே பாக்கலாம். நகைக்கடை எலக்ட்ரானிக் தராசு உள்ள அளக்குறது விசைய தான், அத கிராமா மாத்தி காட்டுது. பூமியோட இழுவை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், வடக்க போகப் போக கூடும். சென்னையில கேலிபிரேட் பண்ண மெஷின அப்படியே டெல்லிக்கு தூக்கிட்டு போனா 100 கிராம் தங்கத்துக்கு 80 மில்லிகிராமுக்கு மேல கூடுதலா காட்டும். தங்கத்துல அது சும்மா விடுற அளவா? அதனால தான் எந்த ஊர்ல வைக்கிறோமோ அங்க ஸ்டாண்டர்டு கல்லு வச்சு செட் பண்ணணும்.

யாழ்_வாசகி:
மலர் அக்கா, இதில எங்கட பக்கத்தில இன்னொரு சிக்கலும் இருக்கு. நாங்கள் இலங்கையில ஓ லெவல் படிக்கேக்க மாஸுக்கு திணிவு எண்டும் வெயிட்டுக்கு நிறை எண்டும் தான் படிச்சனாங்கள். உங்கட புத்தகத்தில நிறை எண்டால் மாஸ், எடை எண்டால் வெயிட். வேகமும் அப்பிடித்தான், எங்களுக்கு அது வெலாசிட்டி, ஸ்பீடுக்கு கதி எண்டு சொல்லுவம், உங்களுக்கு வேகம் தான் ஸ்பீடு, மற்றது திசைவேகம். மகள் யூடியூப்பில எங்கட ஆக்களின்ர வீடியோ பாத்துப் படிச்சால் இத முதலே சொல்லி வையுங்கோ, இல்லாட்டி பிள்ளை நல்லாக் குழம்பிப் போகும்.

மலர்_தென்காசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இந்த திணிவு விஷயம் இப்ப தான் தெரியுது, அவ அந்த மாதிரி வீடியோ பாக்குறா தான். ஹீட் டெம்பரேச்சரும் கொஞ்சம் சொல்லிடுங்க சார்.

பிசிக்ஸ்_வாத்தியார்:
கம்பி மத்தாப்பு பொறி ஒவ்வொன்னும் ஆயிரம் டிகிரி பக்கம் இருக்கும், கையில பட்டா சுருக்குனு ஒரு நொடி, அவ்வளவு தான். டெம்பரேச்சர் அதிகம், ஆனா துளியூண்டு இரும்புங்கிறதால அது கைக்கு குடுக்குற ஹீட் கம்மி. (எரிஞ்சு முடிஞ்ச கம்பி அப்படி இல்ல, குழந்தைங்க தொடாம பாத்துக்கணும்.) அடுத்து இட்லிப் பானை ஆவி. கொதிக்கிற தண்ணியும் ஆவியும் ரெண்டுமே 100 டிகிரி தான், ஆனா ஒரு கிராம் ஆவி தோல்ல பட்டு தண்ணியா மாறும்போதே 2260 ஜூல் விடும், அதுக்கப்புறம் அந்தத் தண்ணி உடம்புச் சூட்டுக்கு ஆறும்போது இன்னும் 260 ஜூல் போல. கொதிநீர் பட்டா இந்த ரெண்டாவது மட்டும் தான். டெம்பரேச்சர் ஒண்ணு, கைக்கு வந்து சேர்ற ஹீட் பத்து மடங்கு கிட்ட வித்தியாசம்.

ஸ்பீடு வெலாசிட்டிக்கு கிரவுண்டுக்கே கூட்டிட்டு போங்க. 400 மீட்டர் டிராக்க 80 செகண்டுல ஒரு சுத்து ஓடி கிளம்பின இடத்துக்கே வந்து நிக்கச் சொல்லுங்க. சராசரி ஸ்பீடு செகண்டுக்கு 5 மீட்டர், சராசரி வெலாசிட்டி சைபர். ஏன் சைபர்னு அவளையே சொல்லச் சொல்லுங்க, வரலன்னா இங்கயே எழுதுங்க.