வீட்டுக் கணக்கெடுப்புல ஜோடியா வாழுற ரெண்டு பொம்பளைங்களை எந்தக் கட்டத்துல போடுறது?

லயத்துமல்லிகா:
சுங்கை சிப்புட் ஆளுங்க கொஞ்சம் சொல்லுங்க. நம்ம மலேசியா கணக்கெடுப்பு பாரத்துல குடும்பத் தலைவர்னு ஒருத்தரைப் போட்டுட்டு மத்தவங்க அவருக்கு என்ன உறவுன்னு கேப்பாங்கல்ல, புருஷன் பொண்டாட்டி, பிள்ளை, சொந்தக்காரங்க, சொந்தம் இல்லாதவங்கன்னு. எங்க பக்கம் ரெண்டு அக்கா ரொம்ப வருஷமா ஒரே வீடு, ஒரே அடுப்பு, சம்பளம் வந்ததும் ரெண்டு பேரும் பழைய மைலோ டின்லதான் காசு போடுவாங்க, வாடகை கரண்டு பில்லு எல்லாம் அதுலேருந்துதான் போகும். பாரத்துல அவங்க ‘சொந்தம் இல்லாதவங்க’. பின்னாடி ரூம்ல வாடகைக்கு இருக்குற ஆளுக்கும் அதே கட்டம்தான். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. கனடாவுல 2001லயே இந்த மாதிரி ஜோடிங்களை எண்ணி 34,200 ஜோடின்னு போட்டாங்க. நம்ம நாட்டுல ஏன் எண்ணக்கூடாது?

பால்மரம்62:
வேணாம்மா. நம்ம நாட்டுல இயற்கைக்கு மாறான உறவைக் குத்தம்னு சொல்ற 377ஏ, 377பி சட்டம் இருக்கு, 20 வருஷம் வரைக்கும் ஜெயில், ரோத்தான் (பிரம்பு) அடியும் உண்டு. அரசாங்கமே குத்தம்னு சொல்றதுக்கு அரசாங்கமே கட்டம் போட்டுக் கொடுக்குமா? சட்டத்தை விடு, எனக்கே இதுல உடன்பாடு இல்ல. தாலி கட்டி நாலு பேரு முன்னாடி வாழுறதுதான் குடும்பம்னு வளந்தவன் நான். குடியுரிமை கிடைக்காம சிவப்பு ஐசியோடவே (அடையாள அட்டை) செத்துப்போன தோட்டத்து ஆளுங்க எத்தனை பேரு, அதை எண்ணச் சொல்லு மொதல்ல.

லயத்துமல்லிகா:
அண்ணே, சிவப்பு ஐசிக்காரங்களை எண்ணணும்னு நானும்தான் சொல்றேன், ஒண்ணை எண்ணுனா இன்னொண்ணை எண்ணக்கூடாதுன்னு இருக்கா? நீங்க சொன்ன சட்டம் நடத்தையைப் பத்தினது, பொம்பளைங்களுக்குன்னா 377டி வரும், அது 2 வருஷம் வரைக்கும். ஒரே வீட்டுல ஒண்ணா சமைச்சு சாப்புடுறதைக் குத்தம்னு எந்தப் பிரிவும் சொல்லல. அந்த அக்காவுல ஒருத்தவங்க ஆஸ்பத்திரியில படுத்தப்போ கையெழுத்துப் போட சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க, பல வருஷமா பேசாத தம்பி வந்து போட்டான். வெளியில பெஞ்சுல உக்காந்திருந்தவங்க யாருன்னு யாரும் கேக்கல. எண்ணிக்கையே இல்லாம இதை யாருகிட்டண்ணே போயி பேசுறது?

கணக்குப்பிள்ளைமகன்:
மல்லிகாக்கா, நான் டேட்டா வேலைதான் பாக்குறேன், உங்க கவலை புரியுது, ஆனா கட்டம் போட்டா எண்ணிக்கை வந்துரும்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல 1990 கணக்கெடுப்புல ‘கல்யாணம் ஆகாத துணை’ன்னு ஒரு உறவைச் சேத்தாங்க. ஆனா ரெண்டு ஆம்பளைங்க ‘புருஷன்/பொண்டாட்டி’ன்னு டிக் பண்ணியிருந்தா ஒருத்தரோட பாலினத்தையே கம்ப்யூட்டர்ல மாத்திட்டாங்க, ஜோடியே காணாமப் போச்சு. 2000ல அப்படி எழுதினவங்களை துணைங்கிற கட்டத்துக்குத் தள்ளுனாங்க. 2010ல 901,997 ஜோடின்னு வந்துச்சு, அப்புறம் கிண்டிப் பாத்தா சாதாரண புருஷன் பொண்டாட்டிங்களே ஆண் பெண் கட்டத்துல கை தவறி தப்பா டிக் பண்ணியிருக்காங்க. அங்க 5 கோடிக்கு மேல ஆண்பெண் ஜோடிங்க, ஆயிரத்துல ரெண்டு ஜோடி தப்புப் பண்ணாலே லட்சத்தைத் தாண்டிரும். பேரை வச்சு சரிபாத்து 646,464ன்னு குறைச்சாங்க. 2020லதான் பாரத்துல ஒரே பாலினமா எதிர்ப் பாலினமான்னு நேராவே பிரிச்சுக் கேட்டாங்க.
நம்ம ஊருல அந்தத் தப்பு ஈசியா மாட்டிக்கும், ஐசி கடைசி நம்பர் ஒத்தைப்படைன்னா ஆம்பளை, இரட்டைப்படைன்னா பொம்பளை. என் பயம் வேற. மாமியார் கூடத்துல உக்காந்திருக்கும்போது யாரு வாயத் தொறந்து சொல்லப் போறா? பத்து இருபதுன்னு வந்து நிக்கும், அப்புறம் ‘பாத்தீங்களா, நம்ம நாட்டுல அப்படி யாருமே இல்ல’ன்னு அதையே காட்டுவாங்க. இப்போதைக்கு எண்ணாம இருக்கறதே நல்லது.

லயத்துமல்லிகா:
தம்பி, குறைச்சலா வரும்னு எண்ணாமலே விட்டா எப்பவுமே சைபர்தான். கனடாவுல 2006ல 45,300 ஆச்சு, ஜனங்க திடீர்னு பொறக்கல, சொல்றதுக்கு தைரியம் வந்துச்சு.

பேர்வேணாம்:
நான் அப்படி வாழுற ஆளு, அதனால சொல்றேன். அங்க சட்டம் அவங்களை ஏத்துக்கிட்டு வந்துச்சு, அதான் தைரியம். இங்க வீட்டுக்கு வர்றது யாரு? பெரும்பாலும் இதே ஊருப் பிள்ளைங்க, அடுத்த தாமான் (குடியிருப்பு) அக்கா மக. 1965 புள்ளிவிவரச் சட்டப்படி விவரத்தை வெளிய சொல்லக்கூடாது, சரி, ஆனா ஒட்டுக்கடையில யாரு சட்டம் பாக்குறா? ஒரே பாலினமான்னு கேக்கவே வேணாம். ‘ஒண்ணா வாழுற துணை’ன்னு பொதுவா ஒரு கட்டம் போதும், ஆணா பெண்ணான்னு ஏற்கெனவே வேற இடத்துல எழுதிட்டோம்ல, எண்ணுறவங்க அதை வச்சு எண்ணிக்கட்டும். 2020ல ஆன்லைன்ல நிரப்ப விட்ட மாதிரி நானே போன்ல நிரப்பிடுவேன்.

பால்மரம்62:
பொதுவா ஒரு கட்டம்னா யோசிக்கலாம். 1982க்கு அப்புறம் பதிவு பண்ணாத கல்யாணம் செல்லாதுன்னு தெரியாம கோயில்ல தாலி மட்டும் கட்டுன ஜோடிங்க நம்ம ஆளுங்கள்ல நெறய, அவங்களும் அதுல வருவாங்க, அது தேவைதான். ஆனா அதை வச்சு உங்க ஆளுங்களைத் தனியா எண்ணுறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். கோவிச்சுக்காதே.

பேர்வேணாம்:
கோவம் இல்லண்ணே. ஆனா அந்த ஜோடிங்க எண்ணிக்கையில வர்றது தேவைன்னு நீங்களே சொல்றீங்க, நாங்களும் அதே வாடகைதான் கட்டுறோம்.

கணக்குப்பிள்ளைமகன்:
இப்படின்னா நான் கொஞ்சம் இறங்கி வர்றேன். ஒரே ஒரு கண்டிஷன், மாவட்டம், அதுக்குள்ள வர்ற முக்கிம் வாரியா அந்த எண்ணிக்கையை வெளியிடவே கூடாது. சின்ன ஊருல ‘3 ஜோடி’ன்னு வந்தா அடுத்த நாளே எந்த வீடுன்னு தேட ஆரம்பிச்சிருவாங்க. மாநில அளவுல மட்டும் போடணும்.

பேர்வேணாம்:
அதுக்கு சரி. வாசல்ல நின்னு கேட்டா மட்டும் ‘கூட்டாளி’, வெறும் ஃபிரெண்டுன்னுதான் சொல்லுவேன், அதை மாத்திக்க மாட்டேன்.