நிலைவாசலில் நின்றுவிடும் அப்பா

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருடம். கை நடுக்கத்தைவிட எங்களைப் படுத்தியது கால் ஒட்டிக்கொள்வதுதான். கூடத்தில் நன்றாக நடந்து வருவார். பாத்ரூம் நிலைவாசல் வந்ததும் அப்படியே நின்றுவிடுவார். லெவோடோபா மாத்திரையின் வீரியம் இறங்கியிருக்கும் விடிகாலையில் ரொம்ப மோசம். "நடங்கப்பா" என்று அவசரப்படுத்தினால் கால் இன்னும் இறுகும்.

பிசியோதெரபிஸ்ட், சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப் போட்டுத் தந்தார். அப்பாவுக்கு அந்த டிக் டிக் பிடிக்கவில்லை. "செவுத்துக் கடிகாரத்தைக் காதுல கட்டுன மாதிரி இருக்கு."

சரி, கோயில் மேளம் கேட்டு வளர்ந்தவராயிற்றே என்று, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியைப் போட்டேன். சாமியே கிளம்பும்போது இவர் கிளம்ப மாட்டாரா? கம்பீரநாட்டை ராகத்தில் சொக்கிப்போய், கதவைப் பிடித்தபடி கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டு நின்றார். தவில்காரர் சிக்கலான தாளக் கணக்கில் இறங்கிவிட்டால் எந்த அடிக்குக் காலை வைப்பது!

கடைசியில் பலித்தது அம்மாவின் கை. கதவில் தட்டி "தகதிமி தகதிமி" என்றாள். மூன்றாவது 'த'வுக்கு வலது கால் நிலையைத் தாண்டிவிட்டது.

யோசிக்காமல் நடப்பதற்கான உள்தாளத்தைக் கவனித்துக்கொள்வது மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா. பார்க்கின்சனில் அங்கே டோபமைன் என்ற ரசாயனம் குறைவதால் தாளம் தப்பும். வெளியிலிருந்து சீரான அடி காதில் விழுந்தால், மூளை அதைப் பிடித்துக்கொண்டு காலை எடுத்துவைக்கும். அப்புறம் தேடிப் படித்தேன்: 1996-இல் அமெரிக்காவில் மைக்கேல் தாட் என்ற ஆய்வாளரின் குழு மூன்று வாரம் இப்படிப் பயிற்சி கொடுத்ததில், நோயாளிகளின் நடைவேகம் 25 சதவீதம் கூடியிருக்கிறது.

நடுத்தெருவில் நின்றுவிட்டால் நாலு பேர் பார்ப்பார்களே என்று ஆறு மாதமாக வாசல் தாண்டாதவர், இப்போது தொடையில் தட்டிக்கொண்டே டீக்கடை வரை போகிறார். வீட்டில் எரிந்து விழுவதும் குறைந்திருக்கிறது.

மறுமொழி 1:
எங்கள் மாமியாருக்குப் பக்கவாதத்தில் பேச்சு போனது. 'தண்ணி' என்று கேட்க வராது. மார்கழிப் பாசுரம் மட்டும் வரி தவறாமல் பாடுவார். பேச்சு பெரும்பாலும் இடப்பக்க மூளையின் வேலை, பாட்டுக்கு வலப்பக்கமும் கைகொடுக்குமாம். இதை வைத்து 1970-களில் பாஸ்டனில் ஒரு பேச்சுப் பயிற்சியே உருவானது. நாங்களும் 'தண்ணி வேணும்' என்பதை மெட்டுப் போட்டு, இடது கையில் தாளம் தட்டிச் சொல்லிக்கொடுத்தோம். மூன்று மாதத்தில் இரண்டு வாக்கியம் வந்தது. 'காபி' மட்டும் மெட்டில்லாமலே வந்துவிட்டது!

மறுமொழி 2 (பதிவிட்டவர்):
சிரித்துவிட்டேன். இங்கே நான் தட்டினால் அப்பாவுக்கு இன்னும் கால் வருவதில்லை. நான் வேகத்தைக் கூட்டி ஓட்டுகிறேனாம், அம்மாவுக்குத்தான் காலப்பிரமாணம் (தாள வேகம்) மாறாமல் நிற்கிறதாம்.