ஹீட்டர் இல்லாத 2226 கட்டடம்: டீட்மார் எபர்லே பற்றி ஒரு சந்தேகம்

வரைபலகை:
கட்டடக்கலை மூன்றாம் வருடம் படிக்கிறேன். செமினாருக்கு ஆஸ்திரிய ஆர்க்கிடெக்ட் டீட்மார் எபர்லேவை எடுத்திருக்கிறேன். எங்கே தேடினாலும் லுஸ்டெனாவ் ஊரில் 2013இல் முடிந்த 2226 அலுவலகக் கட்டடம்தான் வருகிறது. ஹீட்டர் கிடையாது, ஏசி கிடையாது, காற்றோட்டத்துக்கு மெஷினும் கிடையாது. ஆனாலும் உள்ளே வருஷம் முழுக்க 22 முதல் 26 டிகிரி என்கிறார்கள். ஆல்ப்ஸ் பக்கத்துக் குளிரில் இது நடக்கிற காரியமா?

இன்னொன்று. 1999 முதல் 2018 வரை சூரிக்கின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான ஈ.டி.எச்.சில் பேராசிரியராக இருந்திருக்கிறார். கட்டியதையும் கற்பித்ததையும் எப்படி ஒன்றாகக் கோப்பது? என் நோட்டில் இரண்டும் தனித்தனியாகக் கிடக்கின்றன.

ரைன்கரை:
நான் சுவிட்சர்லாந்தில் சங்க்ட் காலன் பக்கம் ஓர் ஆபீசில் படவரைஞர். ரைன் பாலத்தைத் தாண்டினால் லுஸ்டெனாவ். அந்தக் கட்டடத்தை ஒரு ஜனவரியில் போய்ப் பார்த்தேன்.

தூரத்திலிருந்து பார்த்தால் சப்பென்று இருக்கும். வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு, ஆறு தளம், வரிசையாக ஜன்னல். அவ்வளவுதான். கிட்டே போனால்தான் ஜன்னலின் ஆழம் தெரியும். சுவர் கிட்டத்தட்ட 76 செ.மீ. கனம். உள் அடுக்குச் செங்கல் பாரம் தாங்க, வெளி அடுக்கு குளிரைத் தடுக்க. கண்ணாடி உள்பக்கமாகத் தள்ளி இருக்கிறது. முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன், இன்னும் மிச்சம் இருந்தது. கோடையில் அந்த ஆழமே நிழல்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு காற்றுக்கதவு. அறையில் கரியமில வாயு கூடினால் சென்சார் அதைத் திறக்கும். நாங்கள் பத்துப் பேர் நின்று பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று அது தானாகத் திறந்து கழுத்தில் ஜில்லென்று காற்று. கழற்றிய கோட்டை எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் மூடிக்கொண்டது. சூடு எங்கிருந்து என்றால் ஆட்கள், கம்ப்யூட்டர், விளக்கு. செங்கல்லும் கான்கிரீட் தளமும் அதை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பித் தருகின்றன.

சரி, பாடத்துக்கு வருவோம். ஈ.டி.எச்.சில் அவர் வைத்த வரிசை: இடம், கட்டமைப்பு, மேலுறை, பயன்பாடு, பொருள். பயன்பாடு நாலாவதாக வருவதைக் கவனியுங்கள். எனக்குப் படிக்கும்போது முதல் நாளே ‘இது பள்ளிக்கூடம், இத்தனை வகுப்பறை’ என்று தாளை நீட்டினார்கள். அவர் வாதம் வேறு: பயன்பாடு சீக்கிரம் மாறிவிடும், தெருவும் சுவரும் நிற்கும், ஆகவே நிற்பதை முதலில் யோசி. 2226இன் பிளானைப் பாருங்கள். படி, லிஃப்ட், கழிவறை எல்லாம் நடுப்பக்கம். சுற்றிலும் மூன்று மீட்டருக்கு மேல் உயரமான, பெயரில்லாத அறைகள். இன்றைக்கு ஆபீஸ், நாளைக்கு வீடாகவும் ஆகலாம். பாடத்தை அப்படியே செங்கல்லில் கட்டிவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

குழாய்க்காரன்:
நான் ஏசி, வெப்பமூட்டல் தொழிலில் இருப்பவன். ‘ஹீட்டர் இல்லை’ என்பதை அப்படியே எழுதிவிடாதீர்கள் தம்பி. விளக்கும் கம்ப்யூட்டரும் தின்பது கரண்ட்தானே? ஆளில்லாத நாட்களில் அறை ஆறிப்போனால் விளக்கைப் போட்டுத்தான் சூடேற்றுகிறார்கள். அதற்குப் பெயர் என்ன? அப்புறம், ஆபீசில் ஆளும் மெஷினும் நிறைந்திருப்பதால் கணக்கு சரிவருகிறது. இதையே ஆள் நடமாட்டம் குறைந்த கிடங்குக்குக் கொண்டுபோனால் கதை வேறு. சுவர் நல்ல சுவர், அதை மறுக்கவில்லை.

வரைபலகை:
தம்பி இல்லை அண்ணா, தங்கை :) விளக்கு விஷயம் எனக்குத் தெரியாது, சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் மெஷினே வேண்டாம் என்று அவர் முதலிலிருந்தே சொன்னவரா?

ரைன்கரை:
குழாய்க்காரன் சொல்வது நியாயம். அதைக் கழித்த பிறகும் பாய்லர் அறை, குழாய், டக்ட், அவற்றின் பராமரிப்பு எதற்கும் செலவில்லை, அது லாபம்தான்.

தங்கச்சி, உங்கள் கேள்விதான் முக்கியமானது. இல்லை, முதலிலிருந்து அப்படி இல்லை. 1952இல் ஹிட்டிசாவில் பிறந்தவர், வியன்னாவில் படித்தார். 1979 வாக்கில் நண்பர்களோடு ‘கூப்பரேட்டிவ்’ என்ற குழுவாக ஹோக்ஸ்ட் ஊரில் மரவீடுகள் கட்டினார். குடியிருக்கப்போகிறவர்களும் சேர்ந்து ஆணியடித்த வேலை. ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தை வைத்து அங்கே ஆர்க்கிடெக்டுகளின் சங்கத்தோடு தகராறு. ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க் மாநிலத்து இளைஞர்கள் ‘பௌக்யூன்ஸ்ட்லர்’, அதாவது கட்டடக் கலைஞர் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1985இல் கார்லோ பௌம்ஷ்லாகரோடு கூட்டு. 2010 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் இன்ஸ்ப்ருக்கில் கட்டிய லோபாக் குடியிருப்பைத் தேடிப் பாருங்கள். 2000இல் முடிந்தது. வெப்பத்தை மீட்டெடுக்கும் காற்றோட்ட மெஷினெல்லாம் உண்டு. மெஷினைப் பழகிப் பார்த்த பிறகு அதைக் கழற்றிப் போட்டவர் அவர். வெறும் சித்தாந்தமாக இருந்தால் நான் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன்.

வரைபலகை:
லோபாக் படங்களை இப்போதுதான் பார்த்தேன். சுற்றிலும் பால்கனி, செம்புத் தகட்டு மடிப்புக் கதவுகள். செமினாரை ஹோக்ஸ்டிலிருந்து தொடங்கப்போகிறேன், 2226 கடைசியில் வரட்டும். அதன் சுவர்க் குறுக்குவெட்டை 1:5 அளவில் வரைய உட்கார்ந்தேன். ஏ4 தாளின் அகலத்தில் முக்கால்வாசி சுவருக்கே போய்விட்டது. ஏ3 வாங்கணும்.