பட்டாசு மருந்து அறைக்கு ஒரு உதவி வேண்டும்

வணக்கம் அண்ணன்களே, அக்காக்களே. நான் சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் வேலை பார்க்கிறேன், ஊர் சாத்தூர். தங்கச்சி வீட்டுக்காரர் அங்கே ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிறார். லிட்டில் இந்தியாவில் தீபாவளி விளக்கைப் பார்த்தாலே எனக்கு அவர் கைதான் ஞாபகம் வரும். ரேகை இடுக்கெல்லாம் அலுமினியப் பொடி வெள்ளியாய் ஒட்டியிருக்கும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. மருந்து வெடிக்க நெருப்பே வேண்டாம். உரசல் போதும், நைலான் சட்டையில் ஏறும் நிலைமின்சாரம் போதும். மிச்சக் கலவையில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். அன்றன்று கலந்ததை அன்றே தீர்க்கச் சொல்வது அதனால்தான். அவசர ஆர்டர் வந்தால் முதலில் விடுபடுவதும் அதுதான்.

ஜூரோங் தீவில் எர்த்திங் (மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் இணைப்பு) பார்க்கும் எலக்ட்ரீசியன், பாதுகாப்பு அதிகாரி யாராவது இங்கே இருக்கிறீர்களா? உடம்பில் ஏறிய நிலைமின்சாரம் இறங்க மருந்து அறை வாசலில் தொட்டுவிட்டு நுழையும் செம்புத் தகடு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? எத்தனை நாளுக்கு ஒருமுறை? எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி தமிழில் குரல்பதிவாகச் சொன்னால் அப்படியே அனுப்பிவிடுவேன்.

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். பருத்திச் சட்டை எடுத்துவிட்டேன். அப்புறம் வேறு என்ன கொண்டுபோகலாம்?